மலை கொரில்லாவைப் பார்க்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொரில்லா பார்க்கக் கிளம்புகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் விமான டிக்கெட் போடுகிறார்கள், அடுத்து ஓட்டல் தேடுகிறார்கள், கடைசியில்தான் பர்மிட் பக்கம், அதாவது கொரில்லாவைப் பார்க்க அரசு தரும் அனுமதிச் சீட்டின் பக்கம், வருகிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாகப் போட்டாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். கீழே உள்ள பதில்கள் உகாண்டாவையும் ருவாண்டாவையும் மனதில் வைத்து எழுதியவை. கட்டணமும் விசா விதிகளும் மாறக்கூடியவை என்பதால், பணம் கட்டுமுன் அந்தந்த நாட்டு அரசுத் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மலை கொரில்லா எங்கேதான் இருக்கிறது?

உலகத்திலேயே இரண்டு இடங்களில்தான். ஒன்று விருங்கா எரிமலைத் தொடர். ருவாண்டா, உகாண்டா, காங்கோ ஜனநாயகக் குடியரசு மூன்றும் சந்திக்கும் இடத்தில் இருப்பதால் மூன்று பூங்காக்களாகப் பிரிந்து கிடக்கிறது: ருவாண்டாவில் வால்கனோஸ், உகாண்டாவில் மகாஹிங்கா, காங்கோவில் விருங்கா. இன்னொன்று உகாண்டாவின் தென்மேற்கு மூலையில் இருக்கும் ப்விண்டி காடு. இரண்டுக்கும் நடுவே வயல்களும் ஊர்களும் நெருக்கமாக இருப்பதால் இங்கிருக்கும் கொரில்லா அங்கே போக வழியில்லை.

2019 டிசம்பரில் வெளியான கணக்குப்படி மொத்தம் 1,063. விருங்காவில் 604, ப்விண்டியிலும் அதை ஒட்டிய சரம்ப்வே காட்டிலும் 459. அதற்கு முந்தைய ஆண்டு, 2018 நவம்பரில்தான் 'மிக அருகிய இனம்' என்ற பட்டியலிலிருந்து ஒரு படி இறக்கி 'அருகிய இனம்' என்று மாற்றினார்கள். எண்ணிக்கை கூடிக்கொண்டே வந்த பெரிய குரங்கினம் இது ஒன்றுதான் என்று சொல்லலாம்.

உயிரியல் பூங்காக்களில் நாம் பார்ப்பது பெரும்பாலும் மேற்குத் தாழ்நில கொரில்லா. மலை கொரில்லா எந்த உயிரியல் பூங்காவிலும் கிடையாது. பார்க்க வேண்டுமென்றால் ஏறத்தான் வேண்டும்.

உகாண்டாவா, ருவாண்டாவா? எதைத் தேர்ந்தெடுப்பது?

பணம் முக்கியமென்றால் உகாண்டா. நேரமும் வசதியும் முக்கியமென்றால் ருவாண்டா. சுருக்கமான பதில் அவ்வளவுதான், ஆனால் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வெளிநாட்டுப் பயணி ஒருவருக்கு ருவாண்டாவில் பர்மிட் 1,500 டாலர். 2017 மே மாதம் 750இலிருந்து ஒரே தாவாக இரட்டிப்பாக்கினார்கள். உகாண்டாவில் 2024 ஜூலை முதல் 800 டாலர், அதற்கு முன் 700. கணவன் மனைவி இருவர் போனால் பர்மிட்டிலேயே 1,400 டாலர் வித்தியாசம் வருகிறது. அந்தப் பணத்தில் உகாண்டாவில் இன்னும் சில நாள் தங்கி கிபாலே காட்டில் சிம்பன்சியையும் பார்த்துவிட்டு வரலாம்.

ஆனால் ருவாண்டாவில் தூரம் குறைவு. கிகாலி விமான நிலையத்திலிருந்து முசான்சே ஊரைத் தாண்டி, வால்கனோஸ் பூங்கா அலுவலகம் இருக்கும் கினிகிக்கு நல்ல தார்ச் சாலையில் இரண்டரை மணி நேரம்தான். உகாண்டாவில் என்டெபே விமான நிலையத்தில் இறங்கினால் ப்விண்டி போய்ச் சேர எட்டிலிருந்து பத்து மணி நேரம் காரில் உட்கார வேண்டும், கடைசிப் பகுதி மண் சாலை. விடுமுறை நான்கே நாள் என்றால் ருவாண்டாதான் நடக்கிற காரியம்.

காடும் வேறு வேறு. விருங்காவில் எரிமலைச் சரிவு, மூங்கில், திறந்த வெளி. வெளிச்சம் நன்றாக விழும், படம் எடுப்பவர்களுக்குப் பிடிக்கும். ப்விண்டி அடர்ந்த பழைய மழைக்காடு. 1,160 மீட்டரிலிருந்து 2,607 மீட்டர் வரை ஏறி இறங்கும் செங்குத்தான பள்ளத்தாக்குகள், கொடிகள் பின்னிய புதர். ப்விண்டி நடை கடினமானது. என் கணக்கில் அதுவே அதன் சிறப்பும்கூட, ஆனால் முழங்கால் வலி உள்ளவர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது: கிகாலியில் இறங்கி, எல்லையைக் கடந்து உகாண்டாவில் ப்விண்டியின் தெற்கு வாசலான ருஷாகாவுக்குப் போவது. நாலைந்து மணி நேரத்தில் சேர்ந்துவிடலாம், பர்மிட்டும் 800 டாலர்தான். சிக்கனமாகப் போகிறவர்கள் பலரும் இப்போது இப்படித்தான் போகிறார்கள். ருவாண்டாவில் சாலையின் வலப்பக்கம் ஓட்டுவார்கள், உகாண்டாவில் இடப்பக்கம். அதனால் எல்லை தாண்டும் வண்டியை ஓட்டுநரோடு எடுப்பது நிம்மதி.

காங்கோவில் மலிவு என்கிறார்களே?

விலைப் பட்டியலில் மலிவுதான். ஆனால் கிழக்குக் காங்கோவில் எம்23 கிளர்ச்சிப் படை 2025 ஜனவரியில் கோமா நகரையே பிடித்துக்கொண்டது. இப்போதைக்கு அந்தப் பக்கம் வேண்டாம்.

பர்மிட் எப்படி வாங்குவது? எவ்வளவு நாள் முன்னால்?

உகாண்டாவில் உகாண்டா வனவிலங்கு ஆணையம் தருகிறது, ருவாண்டாவில் ருவாண்டா வளர்ச்சி வாரியம். நேரடியாகவும் வாங்கலாம், உள்ளூர்ப் பயண நிறுவனம் மூலமாகவும் வாங்கலாம். உகாண்டாவுக்கு நிறுவனம் மூலம் போவதே வசதி. தேதி கிடைக்கிறதா என்று பார்ப்பது, பணம் அனுப்புவது, வண்டி, தங்குமிடம் எல்லாம் ஒரே கையில் முடியும். பர்மிட்டின் விலையைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் போட்ட பர்மிட்டின் நகலைக் கையில் வாங்காமல் விமான டிக்கெட் போட வேண்டாம். 'பர்மிட் வாங்கிவிடலாம் சார், கவலைப்படாதீர்கள்' என்று வாய்வார்த்தையில் சொல்வதை நம்பக் கூடாது.

ஒரு கொரில்லாக் குடும்பத்தை ஒரு நாளில் எட்டுப் பேர்தான் பார்க்கலாம், அதுவும் ஒரே ஒரு தடவை. அதனால் ஜூன் முதல் செப்டம்பர் வரையும் டிசம்பர் கடைசியிலும் போகிறவர்கள் ஆறு மாதம் முன்பே வாங்கிவிடுவது நல்லது. மழை மாதங்களில் சில வாரம் முன்னால் கூடக் கிடைக்கும்.

இனி, புதிதாகப் போகிறவர்கள் தவறாமல் மாட்டிக்கொள்ளும் இடத்துக்கு வருகிறேன். ப்விண்டிக்கு நான்கு வாசல்கள்: வடக்கே புஹோமா, கிழக்கே ருஹிஜா, தெற்கே ருஷாகா, தென்மேற்கே ந்குரிங்கோ. உகாண்டா பர்மிட் இவற்றில் ஏதாவது ஒரு வாசலுக்குத்தான் செல்லும். வரைபடத்தில் பார்த்தால் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதுபோல் தெரியும். நடுவே காடும் மலையும் இருப்பதால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும், சிலவற்றுக்கு மணிக்கணக்கில் ஆகும். காலை ஏழரை மணிக்குள் வாசலில் நிற்க வேண்டும். புஹோமாவில் அறை எடுத்துவிட்டு ருஷாகா பர்மிட்டோடு நிற்பவர் விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினாலும் பதறிக்கொண்டுதான் போவார். ஆகவே முதலில் பர்மிட், அதில் எழுதியிருக்கும் வாசலைப் பார்த்து அறை, அப்புறம் விமானம்.

நான்கில் எது நல்லது என்றால், ருஷாகாவில் மனிதர்களுக்குப் பழக்கப்பட்ட கொரில்லாக் குடும்பங்கள் அதிகம், எனவே பர்மிட் கிடைக்கும் வாய்ப்பும் அதிகம். புஹோமாவில்தான் 1993இல் முதன்முதலாகப் பயணிகளை அனுமதித்தார்கள், தங்குமிட வசதி நிறைய. ருஹிஜா உயரமான இடம், குளிரும். ந்குரிங்கோவின் காட்சி அருமை, சரிவு கொடுமை.

ருவாண்டாவில் இந்தத் தொல்லை இல்லை. எல்லோரும் கினிகியில் கூடுவார்கள். யார் எந்தக் குடும்பத்தைப் பார்ப்பது என்பதை அன்று காலையில் வயது, உடல்நிலை பார்த்து ஒதுக்குவார்கள். நடக்கச் சிரமப்படுபவர்கள் வெட்கப்படாமல் சொல்லிவிட வேண்டும். அங்கே வேறொரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கினிகியிலிருந்து நடை தொடங்கும் இடம் வரை போக உங்களிடம் வண்டி இருக்க வேண்டும், பர்மிட்டில் அது சேராது.

ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு பணமா? இது எங்கே போகிறது?

நியாயமான கேள்வி. வனக்காவலர்கள், தினமும் ஒவ்வொரு குடும்பத்தையும் பின்தொடரும் தடம் காண்பவர்கள், கண்ணி அகற்றும் குழுக்கள், மருத்துவம் எல்லாவற்றுக்கும் பெரும்பகுதி இந்த வருமானம்தான். சிறு மான்களுக்காக வைக்கும் கண்ணியில் கொரில்லாவின் கையோ காலோ சிக்குவது இன்னமும் நடக்கிறது. ருவாண்டா தன் சுற்றுலா வருமானத்தில் 10 சதவீதத்தைப் பூங்காவை ஒட்டிய ஊர்களுக்குத் தருகிறது. உகாண்டா நுழைவுக் கட்டணத்தில் 20 சதவீதத்தைத் தருகிறது. பள்ளிக்கூடம், குடிநீர்த் தொட்டி என்று அது கண்ணில் படும்.

2020இல் கொரோனாவால் சுற்றுலா நின்றபோது என்ன ஆனது என்று பாருங்கள். அந்த ஜூன் மாதம் ப்விண்டியில் ந்குரிங்கோ குடும்பத்தின் தலைவனான ரஃபிகி என்ற ஆண் கொரில்லாவை வேட்டைக்காரர்கள் ஈட்டியால் குத்திக் கொன்றார்கள். கொன்றவருக்கு 11 ஆண்டு சிறை கிடைத்தது.

ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இந்தக் காடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பட்வா மக்களை, 1991இல் ப்விண்டியும் மகாஹிங்காவும் தேசியப் பூங்கா ஆனபோது வெளியேற்றினார்கள். நிலமோ நஷ்டஈடோ பெரும்பாலோருக்குக் கிடைக்கவில்லை. இன்று பயணிகளுக்குத் தங்கள் பழைய வாழ்க்கையை நடித்துக் காட்டித்தான் சிலர் பிழைக்கிறார்கள். அந்த நிகழ்ச்சிக்குப் போவதும் போகாததும் உங்கள் விருப்பம். போனால் பணம் அவர்கள் கைக்குப் போகிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

எந்த மாதம் நல்லது?

ஜூன் முதல் செப்டம்பர் வரையும், டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரையும் மழை குறைவு. மார்ச் முதல் மே வரையும் அக்டோபர், நவம்பரிலும் அதிகம். மழை மாதத்தில் போனால் சேறு, ஆனால் கூட்டமில்லை, அறை வாடகையும் குறையும். எந்த மாதமானாலும் மழைக்கோட்டு இல்லாமல் போகாதீர்கள், இது மழைக்காடு.

எனக்கு ஐம்பத்தைந்து வயது, மலை ஏறிப் பழக்கமில்லை. முடியுமா?

பெரும்பாலும் முடியும். கொரில்லா எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து அரை மணியிலும் முடியலாம், போய்வர ஆறேழு மணி நேரமும் ஆகலாம். பாதை என்று ஒன்று இருக்காது. முன்னால் போகிறவர் அரிவாளால் கொடியை வெட்டிக்கொண்டே போவார், காலடியில் தரைக்குப் பதில் செடிமெத்தை இருக்கும். இரண்டு மாதம் முன்பிருந்தே தினமும் படி ஏறி இறங்கிப் பழகுங்கள். ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முழங்கால் கெஞ்சும்.

ஒரு போர்ட்டரைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். ப்விண்டியில் 20 டாலர் அளவில்தான் ஆகும். பையைத் தூக்குவதோடு சரிவில் கை கொடுத்து இழுப்பார், வழுக்கினால் பிடிப்பார். திடகாத்திரமாக இருப்பவர்கள் 'எனக்கெதற்கு' என்று மறுப்பதுண்டு. பக்கத்து ஊர்க்காரர்களுக்குக் காட்டிலிருந்து நேராகக் கிடைக்கும் கூலி இதுதான், வேட்டையை விட்டுவிட்டு இதற்கு வந்தவர்களும் உண்டு. கொஞ்சம் கூட்டியே கொடுங்கள்.

நடக்கவே முடியாதவர்களை நாற்காலி கட்டிய பல்லக்கில் தூக்கிப் போகவும் ஆட்கள் இருக்கிறார்கள். 'ஹெலிகாப்டர்' என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். செலவு சில நூறு டாலர். முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

அன்றைக்குக் காலையில் என்ன நடக்கும்?

ஏழு, ஏழரைக்குள் பூங்கா அலுவலகம். பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும், ஓட்டலில் மறந்துவிடாதீர்கள். விதிகளை விளக்கி, எட்டெட்டுப் பேராகப் பிரித்து அனுப்புவார்கள்.

நீங்கள் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதே தடம் காண்பவர்கள் காட்டுக்குள் போயிருப்பார்கள். கொரில்லா ஒவ்வொரு இரவும் புதிதாக இலைதழைகளால் படுக்கை செய்து தூங்கும். நேற்று மாலை விட்ட இடத்திலிருந்து அந்தப் படுக்கைகளைக் கண்டுபிடித்து, அங்கிருந்து நசுங்கிய செடி, தின்று போட்ட தண்டு, சாணம் இவற்றைப் பார்த்துப் பின்தொடர்வார்கள். இடம் தெரிந்ததும் வயர்லெஸ்ஸில் உங்கள் வழிகாட்டிக்குச் சொல்வார்கள்.

பக்கத்தில் போனதும் பை, கைத்தடி, சாப்பாடு எல்லாவற்றையும் போர்ட்டர்களிடம் விட்டுவிட வேண்டும். கேமராவும் முகக்கவசமும் மட்டும்தான். முதல் கொரில்லாவைப் பார்த்த நொடியிலிருந்து ஒரு மணி நேரம் எண்ணத் தொடங்குவார்கள். நடந்த நேரம் அதில் சேராது.

கட்டாயம் பார்த்துவிடலாமா?

காட்டு விலங்கு, உத்தரவாதம் கிடையாது. ஆனால் தினமும் பின்தொடர்வதால் பார்க்காமல் திரும்புவது மிக அபூர்வம். மகாஹிங்காவில் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அங்கே பழக்கப்பட்ட குடும்பம் ந்யாகாகேசி ஒன்றுதான், அது எல்லை தாண்டிப் போய்விட்ட காலங்களும் உண்டு.

முகக்கவசம், பத்து மீட்டர் தூரம் என்றெல்லாம் ஏன் இவ்வளவு கெடுபிடி?

நமக்கும் கொரில்லாவுக்கும் மரபணு கிட்டத்தட்ட 98 சதவீதம் ஒன்றேதான். நமக்கு வரும் சளி அதற்கும் வரும், ஆனால் நமக்கிருக்கும் எதிர்ப்பு சக்தி அதற்கு இல்லை. நமக்கு இரண்டு நாள் மூக்கு ஒழுகுவது அங்கே ஒரு குட்டியின் உயிரை எடுத்துவிடலாம்.

1996இல் ப்விண்டியில் ஒரு குடும்பத்துக்குச் சொறிசிரங்கு வந்து, மயிர் கொட்டி, ஒரு குட்டி செத்தது. உகாண்டாவின் கால்நடை மருத்துவர் கிளாடிஸ் கலேமா-சிகுசோகா அதை ஆராய்ந்தார். காட்டை விட்டு வயலுக்கு வந்த கொரில்லாக்கள், சோளக்கொல்லை பொம்மையின் அழுக்குத் துணியைத் தொட்டதால் வந்திருக்கலாம் என்று கண்டார். ஊர் மக்களுக்கு மருத்துவ வசதி இல்லாமல் கொரில்லாவைக் காப்பாற்ற முடியாது என்ற முடிவுக்கு வந்து, இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் அமைப்பை 2003இல் தொடங்கினார். முகக்கவசம் போடச் சொல்லும்போது எரிச்சல் வந்தால் இந்தக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதனால்தான் காய்ச்சலோ சளியோ இருந்தால் அனுமதி இல்லை. பர்மிட் பணம் போகிறதே என்று மாத்திரை போட்டு மறைத்துக்கொண்டு போவது பெரிய பாவம். அப்படி ஆனால் பணம் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று வாங்கும்போதே கேட்டு வையுங்கள். முன்பு ஏழு மீட்டராக இருந்த தூரத்தை கொரோனாவுக்குப் பின் பத்தாக்கினார்கள். குட்டிகளுக்கு இந்த விதியெல்லாம் தெரியாது, ஆவலோடு கிட்டே வரும். நீங்கள்தான் பின்னால் நகர வேண்டும், தொடக் கூடாது. அருகில் சாப்பிடவோ குடிக்கவோ துப்பவோ கூடாது. தும்மல் வந்தால் முகத்தைத் திருப்பி முழங்கையில்.

பெரிய ஆண் கொரில்லா பாய்ந்து வந்தால்?

ஓடாதீர்கள். இது ஒன்றுதான் விதி. முதுகில் நரைத்த மயிர் படர்ந்த தலைவனை சில்வர்பேக் என்பார்கள், 160 கிலோ அளவில் இருக்கும், 200ஐத் தொடுவதும் உண்டு. மார்பில் அறைந்துகொண்டு வருவது பெரும்பாலும் மிரட்டல். குனிந்து உட்கார்ந்து, கண்ணை நேராகப் பார்க்காமல், வழிகாட்டி சொல்வதைச் செய்யுங்கள். அவர் தொண்டையைக் கனைப்பதுபோல் ஒரு சத்தம் எழுப்புவார், கொரில்லாக்கள் சாப்பிடும்போது நிம்மதியாக எழுப்பும் ஒலி அது. இவை இரண்டு மூன்று ஆண்டு தினமும் மனிதர்களைப் பார்த்துப் பழகிய குடும்பங்கள். பெரும்பாலும் உங்களைக் கண்டுகொள்ளாமல் காட்டுச் செலரித் தண்டை உரித்துத் தின்றுகொண்டிருக்கும்.

என்ன உடுத்துவது, என்ன எடுத்துப் போவது?

முழுக்கை, முழுக்கால் சட்டை. காலுறைக்குள் பேண்ட்டைச் செருகிவிடுங்கள், படை படையாகப் போகும் எறும்புகள் உள்ளே ஏறினால் காட்டிலேயே ஆட வேண்டியிருக்கும். காஞ்சொறி எங்கும் இருப்பதால் தோட்ட வேலைக்குப் போடும் தடித்த கையுறை வேண்டும். கணுக்காலைப் பிடிக்கும், ஏற்கெனவே போட்டுப் பழகிய ஷூ. புது ஷூவோடு போகிறவர் கொப்புளத்தோடு திரும்புவார். இரண்டு லிட்டர் தண்ணீர், மதியச் சாப்பாடு. ருவாண்டாவில் 2008 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை, பெட்டியில் இருந்தால் எடுத்துவிடுங்கள். டாலர் நோட்டு புதிதாக, கசங்காமல், கிழியாமல் இருக்கட்டும். பழைய வரிசை நோட்டை வாங்க மாட்டார்கள்.

கேமரா?

ஃபிளாஷ் கூடவே கூடாது. கருப்பு உடம்பு, இருட்டுக் காடு என்பதால் கேமராவின் ஒளி உணர்திறனை, அதாவது ஐ.எஸ்.ஓ.வை, ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள். 70-200 லென்ஸ் போதும், அதைவிடப் பெரியது புதருக்குள் இடைஞ்சல். கைபேசியிலும் நல்ல படம் வரும். முதல் பத்து நிமிடம் எடுத்துவிட்டுக் கீழே வைத்துவிடுங்கள் என்பது என் கட்சி.

விசா, தடுப்பூசி?

ருவாண்டா, காமன்வெல்த் நாட்டவருக்கு 30 நாள் விசாவைக் கட்டணமில்லாமல் வந்திறங்கும்போதே தருகிறது. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் இதில் அடக்கம். உகாண்டாவுக்கு இணையத்தில் முன்பே எடுக்க வேண்டும், 50 டாலர். உகாண்டா, ருவாண்டா, கென்யா மூன்றுக்கும் சேர்த்து 100 டாலரில் 90 நாள் கூட்டு விசா உண்டு. அதை எந்த நாடு கொடுத்ததோ அந்த நாட்டில்தான் முதலில் நுழைய வேண்டும்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லாமல் உகாண்டாவில் நுழைய முடியாது. இந்தியாவுக்குத் திரும்பும்போதும் கேட்பார்கள், இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமையில் வைக்கலாம். பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட்டிருக்க வேண்டும். சென்னையில் கிண்டி கிங் ஆய்வகத்தில் போடுகிறார்கள். ஊசி எல்லா நாளும் இருக்காது, முன்பே கேட்டுக்கொண்டு போங்கள். மலேரியா மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

பாதுகாப்பு எப்படி?

1999 மார்ச்சில் புஹோமாவில் ஆயுதக் கும்பல் ஒன்று புகுந்து எட்டுப் பயணிகளைக் கொன்றது. அதன் பிறகு காவல் பலமாகிவிட்டது, ஒவ்வொரு குழுவோடும் துப்பாக்கி ஏந்திய காவலர்கள் வருவார்கள். இப்போது அந்தத் துப்பாக்கி பெரும்பாலும் காட்டு யானையை வெடிச்சத்தத்தால் விரட்டத்தான். இருந்தாலும் மேற்கு உகாண்டாவில் அவ்வப்போது பிரச்சினை வருவதுண்டு. கிளம்பும் வாரத்தில் உங்கள் நாட்டு வெளியுறவுத் துறையின் அறிவிப்பைப் பாருங்கள். நோய்ப் பரவல் செய்தியையும் சேர்த்துப் பாருங்கள், 2024 இறுதியில் ருவாண்டாவில் மார்பர்க் காய்ச்சல் வந்து அடங்கியது.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும். சோறு, பீன்ஸ், வாழைக்காயை வேகவைத்து மசித்த மதோகே, சப்பாத்தி எல்லாம் அங்கே சாதாரணச் சாப்பாடு. கட்டிக்கொடுக்கும் மதிய உணவில்தான் இறைச்சி சாண்ட்விச் வந்துவிடும், முந்தின இரவே சொல்லிவிடுங்கள். காரம் எதிர்பார்க்காதீர்கள்.

குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

15 வயது நிரம்பாதவர்களுக்கு அனுமதி இல்லை, வயதைப் பாஸ்போர்ட்டில் பார்ப்பார்கள்.

ஒரு மணி நேரம் போதாது என்று தோன்றினால்?

ருஷாகாவில், இன்னும் முழுதாகப் பழகாத குடும்பத்தோடு நான்கு மணி நேரம் இருக்க ஏற்பாடு உண்டு. சிலரை மட்டுமே அனுமதிப்பார்கள், கட்டணமும் சாதாரணப் பர்மிட்டைவிட மிக அதிகம். பழகாத கொரில்லாக்கள் நகர்ந்துகொண்டே இருப்பதால் நீங்களும் சரிவில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். முதல் தடவை போகிறவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். அதற்குப் பதில் இரண்டு நாள் சாதாரணப் பர்மிட் எடுத்து, இரண்டு வெவ்வேறு குடும்பங்களைப் பாருங்கள். பணம் அவ்வளவு இல்லையென்றால் இரண்டாம் நாள் வால்கனோஸிலோ மகாஹிங்காவிலோ தங்கக் குரங்குகளைப் பார்க்கலாம், அதற்குக் கட்டணம் மிகவும் குறைவு.